யார் சொன்னது

தலைப்பு 'என் குடும்பம்'. பத்து வரி,
ஸ்பானிய மொழியில்.
எத்தெல்வினா கோரியின் தாளில்
எட்டு வரிகளின் முடிவிலும் ஒரே சொல்,
கம்பளியில் ஒட்டிய நாயுருவி போல.

ஜூன் மாதம் பிறந்தேன், சொல்கிறார்கள்.
அன்று ஆலங்கட்டி மழை, சொல்கிறார்கள்.
அப்பா தங்கச் சுரங்கத்தில் இருக்கிறார், சொல்கிறார்கள்.
ஆகஸ்டில் வருவார், சொல்கிறார்கள்.

எட்டையும் அடித்தேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டேன்:
யார் சொன்னது?
இருபதுக்கு ஒன்பது.

நான் சிம்போத்தேக்காரி.
மீன்மாவு ஆலையின் வாடையில் வளர்ந்தவள்.
கூஸ்கோவிலிருந்து இரண்டு பேருந்து, ஒரு லாரி,
மிச்சம் நடை.
இந்த உயரத்தில் மூச்சு பிடிபடவே
மூன்று வாரம் ஆயிற்று.
கெச்சுவா இன்னும் பிடிபடவில்லை.
பயிற்சி முகாமில் தந்த கையேட்டில்
விகுதிகள் முப்பதாம் பக்கத்தில் வருகின்றன.
அதற்குள் முகாம் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை, பூமி உருண்டை என்றேன்.
இருபத்திரண்டு தொண்டைகள்
பூமி உருண்டை என்றன,
ஆணி அடிப்பதுபோல, ஸ்பானியத்தில்.
இடைவேளையில், குழாயடியில்,
தம்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே
எத்தெல்வினா அதையே தன் மொழியில் சொன்னாள்.
கடைசியில் 'ஸ்' என்று ஏதோ இழுத்தது.
சளி என்று நினைத்தேன்.

மறுநாள், பிள்ளைகளைக் கவரலாமென்று
இரவெல்லாம் உருப்போட்ட வாக்கியத்தை எடுத்துவிட்டேன்,
அவர்கள் மொழியிலேயே:
நான் சிம்போத்தேயில் பிறந்தேன்.
வகுப்பு வெடித்தது.
ரூஃபோ பெஞ்சிலிருந்து விழுந்தேவிட்டான்.
மிஸ் பிறந்ததை
மிஸ்ஸே நின்று பார்த்தாராம்!

கண்டதற்கு ஒரு வால்.
காதில் விழுந்ததற்கு வேறு வால்.
தான் பிறந்த கதை எவருக்கும் கேள்விதான்,
பிறந்தேனாம் என்றுதான் சொல்ல வேண்டும்.
குழாயடியில் அவள் சொன்னதும் இப்போது விளங்கியது:
பூமி உருண்டையாம்.
அவநம்பிக்கை இல்லை அது.
மிஸ் சொன்னார், நான் பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.

இதை யாரும் இவர்களுக்கு நடத்தவில்லை.
முதுகுத் துணிக்குள் கட்டுண்டு
அம்மா சந்தையில் பேரம் பேசுவதையும்
அத்தையிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதையும்
கேட்டுக் கிடந்தபோதே
முளைத்துவிட்டது, பால்பல்லோடு.
பல் விழுந்தது. இது விழவில்லை.

பிறகு ஆறு வயதில், புதுச் செருப்போடு
என் மொழிக்குள் வந்தார்கள்.
கண்டது எது, கேட்டது எது என்று
பிரித்துவைக்க இங்கே அலமாரி இல்லை.
கிடைத்த ஒரு சொல்லை எடுத்து
வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுப்போட்டுப் பார்த்தாள் ஒருத்தி.
தையலைப் பிரித்தது என் பேனா.

அந்தத் தாளைத் திரும்ப எடுத்தேன்.
அடிபடாத வரிகள் இரண்டு.
எங்களிடம் பதினொரு அல்பாக்கா.
அம்மா இரவில் அழுகிறார்.

முதல்முறை இதற்கு
ஒரு சரிக்குறி போட்டிருந்தேன்.

ஜூலையில் மாவட்ட அலுவலகப் படிவம் வந்தது.
மாணவர்களின் மொழித்திறன்: ஒரு வரியில் எழுதுக.
பின்தங்கியவர்கள், சொல்கிறார்கள்,
என்று எழுதி அனுப்பினேன்.
கைப்பிழை என்று நினைத்து
கடைசிச் சொல்லை மட்டும் யாரோ அடித்துவிட்டு
முத்திரை குத்தியிருந்தார்கள்.

மதிப்பெண் ஏட்டில் ஒன்பது ஒன்பதாகவே இருக்கிறது.
மை அப்படி.
வெளியே எத்தெல்வினா
கயிற்றைப் பல்லில் கடித்தபடி
மந்தையை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டு.
ஈரம் காயாத ஒன்று, கால் மடங்கி மடங்கி எழுந்து நின்றது.
நானே பார்த்தேன்.